நெடுவாசல் மண்ணும் நாலு சக்கர வண்டியும்

"எண்ணெய் எடுக்காதே என்று நெடுவாசலில் கொடி பிடித்தவர்கள், இன்று எண்ணெய் குடிக்கும் வண்டிக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?"

ஆலங்குடிப் பக்கத்துத் தேநீர்க் கடையொன்றில் வீசப்பட்ட கேள்வி இது. வீசியவர் மாற்றாரல்லர், ஊர்க்காரர்தாம். கேட்டுத் தலைகுனிந்தவரோ நமது தோழர். பலாவும் தென்னையும் வைத்துப் பிழைத்தவர். 2018 நவம்பரில் வீசிய 'கஜா' புயலில் அந்தத் தென்னைகளைப் பறிகொடுத்தவர். மகன் சிங்கப்பூரில் உழைக்கிறான். "அப்பத்தாவைத் தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் இழுத்தடிக்க வேண்டாம், ஒரு வண்டி வாங்குங்கள்" என்று பணம் அனுப்பியிருக்கிறான். தோழர் கையில் இரண்டு விளம்பரத் தாள்கள். ஒன்று பெட்ரோலில் ஓடும் எஸ்.யு.வி.; மற்றொன்று அதே உருவில், பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் 'ஹைப்ரிட்'. இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டிருந்த வேளையில்தான் அந்தச் சொல்லம்பு பாய்ந்தது.

மறுநாள் என்னிடம் வந்தார். "அண்ணே! இரண்டில் எதை வாங்குவது? அல்லது வாங்குவதே பிழையா?" என்று கேட்டார்.

ஒரு கேள்வியல்ல தோழர்களே, இரண்டு கேள்விகள்! ஒன்று கணக்கு, மற்றொன்று கொள்கை. கணக்குப் பேசினால் கொள்கை மாசுபடும் என்று எண்ணுவோர் உண்டு. கொள்கை பேசுவோருக்குக் கணக்கெதற்கு என்று கேட்போரும் உண்டு. கணக்கறியாத கொள்கை காற்றிலே பறக்கும். கொள்கையறியாத கணக்குக் கல்லாப் பெட்டியோடு முடியும். நாம் இரண்டையும் பார்ப்போம்.

எள்ளியவருக்கு ஒரு விடை

முதலில் அந்த ஏளனத்தை எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க டில்லி ஒப்புதல் தந்தது. சேதி வந்ததும் ஊர் திரண்டது. நெடுவாசலோடு வடகாடும் நல்லாண்டார்கொல்லையும் எழுந்தன. ஏர் பிடித்தவரும் ஏட்டைப் பிடித்த மாணவரும், தாலாட்டுப் பாடிய தாய்மாரும் தடியூன்றிய முதியோரும் வந்து அமர்ந்தனர். வாக்குறுதி வந்தது, கலைந்தனர். அடுத்த மாதமே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மீண்டும் அமர்ந்தனர், மாதக்கணக்கில்! 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி என்னும் நம் மாவட்டத்து ஐந்து ஒன்றியங்கள் அதிலே இடம்பெற்றன. அமர்ந்து போராடியோர் ஈட்டிய பயன் அது.

அவர்கள் கேட்டது என்ன? 'உலகில் எவரும் எண்ணெய் எரிக்கக் கூடாது' என்றா? இல்லை. 'எங்கள் நிலத்தடி நீரையும், மூன்று போகம் விளையும் தோட்டத்தையும் விலையாகத் தரமாட்டோம். எங்களைக் கேளாமல் எங்கள் மண்ணைத் தோண்டாதே' என்றனர். இது உரிமைக் குரல். பேருந்தில் ஏறியவன் பேருந்துக் கட்டணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று எவரேனும் கூறுவரோ? பெட்ரோல் வாங்குபவன் பெட்ரோல் எங்கே, எவ்விதம், எவர் ஒப்புதலோடு எடுக்கப்படுகிறது என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

எனினும், தோழர்களே, ஏளனத்தை எறிந்துவிட்டு அதனுள்ளிருக்கும் உண்மையை எடுத்துக்கொள்வது நமது வழக்கம். அதில் ஓர் உண்மை இருக்கிறது. இந்தியா எரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கடல் கடந்து வருவது. 'இறக்குமதியைக் குறைக்கவே இங்கே தோண்டுகிறோம்' என்பதுதான் டில்லி அன்று உரைத்த காரணம். ஆகவே, வீண் ஒவ்வொரு லிட்டரும் அந்தக் காரணத்துக்கு ஒரு துளி வலுவூட்டுகிறது. நம் மண்ணிலே துளை வேண்டாம் என்போர், நம் வண்டியிலே விரயம் வேண்டாம் என்றும் எண்ணத்தான் வேண்டும். அது குற்றவுணர்ச்சியால் அன்று; கொள்கையின் தொடர்ச்சியால்!

எனவே, "வாங்குவதே பிழையா?" என்ற கேள்விக்கு என் விடை: பிழையன்று. எண்பது வயதுத் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி வாங்குவது பிழையாகாது. ஆராயாமல் வாங்குவதுதான் பிழை.

புதுக்கோட்டைக்குப் புதிதல்ல

எரிபொருளைப் பற்றிச் சிந்திப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. தென்னாட்டு மோட்டார்ப் பேருந்தின் தொடக்கக் காலக் கதைகளுள் ஒன்று தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட சாலையில் நிகழ்ந்தது. 1912ஆம் ஆண்டு வாக்கில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அங்கே வண்டி விட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதாகிப் பங்கீட்டுக்கு வந்தபோது, கரியை எரித்து வாயுவாக்கி அதனால் பேருந்தை ஓட்டும் கலத்தை அவருடைய நிறுவனமே செய்து விற்றது. பின்புறத்தில் கரியடுப்பைச் சுமந்தபடி பேருந்துகள் ஓடின. பெட்ரோல் கிட்டாதபோது மாற்று வழி தேடும் அறிவு நம் சாலைகளுக்குப் பழைய அறிவு.

அதனினும் பெரிய வரலாறு ஒன்றுண்டு. 1991, 92ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்திலே பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல் உடைத்த பெண்ணும், பூக் கட்டிய பெண்ணும், பாலர் பள்ளி ஆசிரியையும் மிதிவண்டியில் ஏறினர். இலட்சம் பேர் கற்றனர் என்பர். பெண்களுக்கான சைக்கிள் போதாமற்போகவே, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினர். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதிலும் ஒரு வசதி கண்டனர்! அந்நாளில் அதுதான் குடும்ப வாகனம். ஒரு சொட்டு எண்ணெய் கேளாத வாகனம். ஆனால் ஒரு தலைமுறைப் பெண்களின் அச்சத்தையே எரித்துத் தீர்த்த வாகனம்.

அந்த மரபிலே வந்தவர்கள் நாம். 'பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினான், நானும் வாங்கினேன்' என்று நாம் கூறலாகாது.

இரு விசைகள், ஒரு வண்டி

ஹைப்ரிட் என்பது என்ன? பொன்மலைப் பட்டறையில் வேலை பார்க்கும் தோழர்கள் எளிதில் உணர்வர். டீசல் இரயில் எஞ்சினில் டீசல் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்சாரத்தை உண்டாக்குகிறது, மின்சார மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஹைப்ரிட் காரிலும் எஞ்சின் ஒன்று, மின்மோட்டார் ஒன்று, இரண்டும் உண்டு. அவற்றோடு ஒரு பாட்டரியும் சேர்கிறது.

சாதாரணப் பெட்ரோல் எஞ்சின், தான் எரிக்கும் எண்ணெயின் நூறு பங்கு வெப்பத்தில் ஏறத்தாழ 25 முதல் 35 பங்கைத்தான் ஓட்டமாக மாற்றுகிறது. மீதி சூடாகிப் புகையாகிப் போகிறது. மெல்ல ஊர்ந்து, நின்று, மறுபடி கிளம்பும்போதுதான் விரயம் மிகுதி. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் பண்டிகைக் கூட்டத்தில் சிக்கிக்கொண்ட கார் இதற்குச் சான்று. அங்கே ஹைப்ரிட் வண்டி எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டாரால் ஊர்கிறது. பிரேக் மிதிக்கும்போது, சாதாரண வண்டியில் சூடாகி வீணாகும் வேகத்தை மோட்டாரே மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. செலவழிந்து போகும் காசில் சில்லறையைப் பொறுக்கி உண்டியலில் இடும் பாட்டியின் சிக்கனம் அது.

வெளியிலிருந்து மின்னேற்றம் தேவையில்லை. இதனை நம் பகுதியார் கருத்தில் கொள்வர். 'கஜா'வுக்குப் பின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை எவர் மறப்பர்? முழு மின்சார வண்டியை வாங்க நம் தோழர் தயங்கியது அந்த நினைவால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஹைப்ரிட்' என்று எழுதியதெல்லாம் ஹைப்ரிட் ஆகிவிடாது. சிறு பாட்டரி ஒன்றை வைத்து, எஞ்சினுக்குக் கைகொடுப்பதோடு நின்றுவிடும் வகையை 'மைல்ட் ஹைப்ரிட்' என்பர். மோட்டாரால் மட்டுமே சற்றுத் தூரம் ஓடக்கூடியது 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்'. பெயரொன்று, பயன் வேறு. வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஐயா, இது எஞ்சின் அணைந்த நிலையில் மோட்டாரால் ஓடுமா?"

கணக்கு என்ன கூறுகிறது?

2022இல் மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாராவும் டொயோட்டாவின் ஹைரைடரும் வந்தன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் கர்நாடகத்துப் பிடதித் தொழிற்சாலையில் தொடங்கியவை. ஒரே உருவில் இரு வகை கிடைப்பதால் ஒப்பிட எளிது. சோதனைச் சாலைச் சான்றிதழின்படி, கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், கையால் கியர் மாற்றும் மைல்ட் ஹைப்ரிட் பெட்ரோல் வண்டி 21.11 கிலோமீட்டர்.

'ஆறேழு கிலோமீட்டர் அதிகம்!' என்று விளம்பரம் முழங்கும். முழங்கட்டும். நாம் காகிதம் எடுப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், முதலாவதுக்கு 35.8 லிட்டர், இரண்டாவதுக்கு 47.4 லிட்டர். மிச்சம் 11.6 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கு எளிமைக்காகக் கொண்டால், மாதம் 1,160 ரூபாய். இரண்டுக்கும் விலை வித்தியாசம் 3 இலட்சம் என்று வைத்தால், அது திரும்பி வர 21 ஆண்டுகளுக்கு மேலாகும்! வண்டி வாங்கும்போது பிறந்த பேரன், கல்லூரி முடித்து வந்து, "தாத்தா, முதல் திரும்பிவிட்டதா?" என்று கேட்பான்.

சான்றிதழ்க் கணக்கு வேறு, சாலைக் கணக்கு வேறு என்பீர்கள். ஒப்புகிறேன். குளிர்சாதனம் ஓடும், வேகத்தடை குறுக்கிடும், ஆட்டு மந்தை வழி மறிக்கும். பெட்ரோல் வண்டி 14, ஹைப்ரிட் 20 என்று வைத்துப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 71.4 லிட்டரும் 50 லிட்டரும் ஆகும். மிச்சம் 2,140 ரூபாய். அப்போதும் 3 இலட்சம் திரும்பிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள். கடன் வாங்கி அந்த 3 இலட்சத்தைச் செலுத்தினால்? நூற்றுக்கு 9 வட்டி என்று கொண்டால் முதலாண்டு வட்டி 27,000. மாதத்துக்கு 2,250! பெட்ரோலில் மிச்சம் 2,140. வட்டியில் செலவு 2,250. பெட்ரோல் பங்கிலே மிச்சம் பிடித்ததை வங்கியிலே கொண்டுபோய்க் கட்டுவதற்குப் பெயர் சிக்கனமா?

நம் தோழரிடம் கேட்டேன்: "மாதம் எவ்வளவு ஓடும்?" விரல் விட்டு எண்ணினார். தஞ்சை மருத்துவமனைக்கு இரண்டு நடை. திருச்சி விமான நிலையத்துக்கு எப்போதேனும் ஒரு நடை. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில். கூட்டினால் 600 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அவருக்கு மிச்சம் மாதம் 1,290 ரூபாய். 3 இலட்சம் திரும்பிவர 19 ஆண்டுகள்.

அதோடு வேறொன்றையும் காட்டினேன். "ஐந்து பேருக்கு எஸ்.யு.வி.தான் வேண்டுமா? ஐந்து பேர் அமரும் சிறிய பெட்ரோல் கார் சாலையிலே லிட்டருக்கு 18 தருகிறது என்று வையுங்கள். 600 கிலோமீட்டருக்கு 33 லிட்டர். ஹைப்ரிட் எஸ்.யு.வி.க்கு 30 லிட்டர். பெட்ரோல் எஸ்.யு.வி.க்கு 43 லிட்டர். சிறிய வண்டியை எடுத்தாலே, ஹைப்ரிட் தரும் சிக்கனத்தில் பெரும்பங்கு இலட்சங்களைக் கொட்டாமலே கிடைத்துவிடுகிறதே!"

தோழர் மௌனமானார். பிறகு, "இதை ஷோரூமில் எவரும் கூறவில்லையே!" என்றார். அவர்கள் ஏன் கூறுவார்கள்? பெரியதை விற்பவன், சிறியது போதும் என்று எப்போது உரைத்தான்?

ஹைப்ரிட்டுக்கும் ஒரு நியாயம்

அவ்வாறாயின் ஹைப்ரிட் வீணா? அல்ல. ஒரு பக்கம் சாய்ந்த தராசு நமக்கு வேண்டாம்.

வாடகைக்கு ஓட்டும் தோழரை நினையுங்கள். திருச்சி விமான நிலையத்துக்கும் அறந்தாங்கிக்கும், பொன்னமராவதிக்கும் விராலிமலைக்கும் நாளெல்லாம் ஓடுகிறவர். மாதம் 3,000 கிலோமீட்டர் என்றால் அதே கணக்கில் அவருக்கு மிச்சம் 6,430 ரூபாய். நான்கு ஆண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும். ஹைப்ரிட் பாட்டரிக்கு நிறுவனங்கள் தரும் உறுதி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். மாதம் 3,000 ஓடுபவருக்கு அந்தக் கிலோமீட்டர் வரம்பு நாலரை ஆண்டிலேயே நெருங்கிவிடும். ஆனால் அதற்குள் முதல் திரும்பியிருக்கும்.

வண்டி பெரிதாகப் பெரிதாக ஹைப்ரிட்டின் பயனும் பெரிதாகிறது. இன்னோவா ஹைகிராஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வகை 16.13, ஹைப்ரிட் வகை 23.24 என்பது சான்றிதழ். 1,000 கிலோமீட்டருக்கு 62 லிட்டரும் 43 லிட்டரும். மிச்சம் 19 லிட்டர். முன்னே கண்ட வண்டியிலோ 11.6 லிட்டர்தான். இரண்டிலும் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் கூடுதல். மிச்சமோ வேறு வேறு! 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்பதை விட்டு, '1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்று கேட்டால்தான் உண்மை தெரியும். இந்த ஒரு கேள்வி, பத்து விளம்பரங்களின் வாயை அடைக்கும்.

நெடுஞ்சாலையில் நில்லாமல் ஒரே வேகத்தில் ஓடுவோர்க்கு ஹைப்ரிட்டின் ஆதாயம் குறைவு. நின்று நின்று ஊருக்குள் ஓடுவோர்க்கு மிகுதி. அமைதி உண்டு, அதிர்வு குறைவு. ஆனால் பாட்டரி இடம் பிடித்துக்கொள்வதால் பின்புறத்துச் சாமானிடம் சுருங்கும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் பானையும் விறகும் ஏற்றுபவர் கதவைத் திறந்து அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நலம்.

இதுவரை கணக்கு. இனி அரசியல்.

வரி காட்டும் வழி

வரி என்பது கருவூலத்தை நிரப்பும் கருவி மட்டுமல்ல. மக்கள் எத்திசை செல்ல வேண்டும் என்று அரசு நாட்டும் கைகாட்டி மரமும் ஆகும். எண்ணெய்ச் சிக்கனத்தைப் பற்றி மேடைதோறும் முழங்குகிற டில்லி, கைகாட்டி மரத்தை எப்படி நாட்டியது?

2015இல் ஹைப்ரிட்டுக்கும் மின்சார வண்டிக்கும் மானியம் என்று 'ஃபேம்' திட்டத்தை அறிவித்தது. எஞ்சினுக்குக் கைகொடுப்பதோடு நிற்கும் மைல்ட் ஹைப்ரிட்டுக்கும் பணம் போயிற்று. 2017 ஏப்ரலில் அந்த வகைக்கு மானியம் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த ஹைப்ரிட்டின் வரி, 28 விழுக்காடும் 15 விழுக்காடு மேல்வரியுமாக 43 ஆயிற்று! ஈராண்டுக்கு முன் மானியம். ஈராண்டுக்குப் பின் தண்டம். ஒரு கையால் தட்டிக்கொடுத்து மறு கையால் கன்னத்தில் அறைவது போன்ற கொள்கை.

2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி போயிற்று, விகிதங்கள் மாறின. நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. மின்சார வண்டிக்கு 5. சிறு வண்டிக்குச் சலுகை தந்ததை நாம் குறைகூறவில்லை, அது சரியானது. ஆனால், 1,000 கிலோமீட்டருக்கு 70 லிட்டர் எரிக்கும் பெரிய பெட்ரோல் வண்டிக்கும் 40. அதே உருவில் 50 லிட்டர் எரிக்கும் ஹைப்ரிட்டுக்கும் 40! நீளத்தை அளக்கிறது டில்லி; எஞ்சினின் பருமனை அளக்கிறது டில்லி; எரிக்கும் எண்ணெயை மட்டும் அளக்க மறுக்கிறது.

ஏன்? எண்ணெய் எரிய எரியக் கருவூலம் நிறைகிறது என்பதாலா? 2021 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின், பெட்ரோல் லிட்டர் ஒன்றுக்கு டில்லி வாங்கிய கலால் வரி 32 ரூபாய் 90 காசு. அதிலே மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி எவ்வளவு? 1 ரூபாய் 40 காசு! மீதி முப்பத்தொன்றரை ரூபாயும் மேல்வரி, சிறப்பு வரி என்ற பெயர்களால் பங்கீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அந்த 1 ரூபாய் 40 காசிலும் மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்ந்து 41 விழுக்காடு. அதாவது 57 காசு. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் கலால் வரி குறைக்கப்பட்டது. எனினும் அமைப்பு மாறவில்லை. கறம்பக்குடிக்காரர் பெட்ரோல் போட்டுவிட்டுத் தரும் பணத்தில் எந்தக் காசு டில்லியில் தங்குகிறது, எந்தக் காசு கறம்பக்குடிச் சாலைக்குத் திரும்புகிறது என்று கேட்பது நமது கடமையல்லவா?

நம் வீட்டையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது, நன்று. ஆனால் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாகன ஆயுள் வரி, 10 இலட்சத்துக்கு மேல் 20 இலட்சம் வரை விலையுள்ள காருக்கு 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு என்று விலையை மட்டுமே பார்த்தது. சிக்கனமான எந்திரத்துக்காக ஒருவர் கொடுக்கும் அதிகப்படி விலைக்கும் அதே விகிதத்தில் வரி. எரிப்பதைக் குறைக்கிறவர் வரியைக் கூடுதலாகக் கட்டுகிறார். உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியையே நீக்கிற்று. நாமும் அவ்வாறே நீக்க வேண்டுமா?

வேண்டாம் என்பேன். 18 இலட்சத்துக்கு வண்டி வாங்க வல்லவருக்கு, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வரியைத் துறந்து நிற்கும் நிலையில் எந்த மாநிலக் கருவூலமும் இல்லை. அந்தப் பணத்துக்கு உரியவர்கள் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்கிறார்கள். நாம் கோருவது சலுகையல்ல, ஒழுங்கு. விலையோடு எண்ணெய்ச் செலவையும் சேர்த்து வரியை வகுக்கட்டும்: மிகுதியாக எரிக்கும் வண்டிக்கு ஒரு படி மேலே, குறைவாக எரிக்கும் வண்டிக்கு ஒரு படி கீழே. கருவூலத்துக்குக் காசு இழப்பில்லை. கைகாட்டி மரம் மட்டும் சரியான திசை பார்க்கும்.

மக்களின் வண்டி எது?

இறுதியாக ஒரு கணக்கு. ஹைப்ரிட் வண்டி லிட்டருக்கு 20 கிலோமீட்டர். ஒருவர் மட்டும் போனால், ஒரு லிட்டர் ஓர் ஆளை 20 கிலோமீட்டர் கொண்டு சேர்க்கிறது. ஐவர் நிறைந்து போனால், ஆளுக்கு 20 ஆக, 100 கிலோமீட்டர் பயணம். பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் என்று வையுங்கள். அதிலே ஐம்பது பேர் அமர்ந்தால் 250 கிலோமீட்டர் பயணம்! எந்த நாட்டு நிபுணன் செய்த எந்த ஹைப்ரிட்டும் இதற்கு ஈடாகாது. நெற்றியில் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டு கீரனூருக்கும் கந்தர்வகோட்டைக்கும் புழுதி பறக்க ஓடுகிறதே நகரப் பேருந்து, அதுதான் சிக்கனத்தின் சிகரம்!

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, சைக்கிள் மிதித்த தாயின் மகள் பேருந்தேறி வேலைக்குப் போனாள். பேருந்து நேரத்துக்கு வந்தால், கடைசி நடை இரவு ஒன்பதுக்கும் இருந்தால், முதியவர் ஏறப் படி தாழ்வாயிருந்தால், நம் தோழரின் 600 கிலோமீட்டரில் பாதி மறைந்துவிடும். வண்டி வாங்கும் ஆசையால் எல்லாரும் வாங்குவதில்லை. பேருந்து வராத ஏக்கத்தால் வாங்குவோரே பலர். மருத்துவமனை நாளில் பேருந்தை நம்ப முடியாத குடும்பம், கடன்பட்டேனும் காரை நம்புகிறது. அந்தக் கடனுக்குக் காரணம் குடும்பத்தின் ஆடம்பரமல்ல, ஆட்சியின் அசட்டை.

ஆகவே தோழர்களே, ஊர்தோறும் இதைப் பேசுங்கள். வண்டி வாங்க முனையும் குடும்பத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர்? 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்? அதிகப்படி விலைக்கு மாதம் எவ்வளவு வட்டி? மாதம் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் மேல் ஓடுவோர் ஹைப்ரிட்டை எண்ணட்டும். குறைவாக ஓடுவோர் சிறிய பெட்ரோல் வண்டியோடு நிறைவடையட்டும். பெரிய பெட்ரோல் வண்டியைப் பெருமைக்காக வாங்க வேண்டாம். அந்தப் பெருமைக்கு விலை தருவது நம் பணப்பை மட்டுமல்ல, எங்கோ ஒரு நெடுவாசலும்தான்.

நம் தோழர் சிறிய காருக்கே முன்பணம் கட்டினார். மிஞ்சிய பணத்தில் தென்னங்கன்று நடுகிறார். 'கஜா' சாய்த்த இடத்திலேயே குழி வெட்டியிருக்கிறார். அதே தேநீர்க் கடையில் அதே ஊர்க்காரர் மறுபடி கேட்டாராம்: "என்னப்பா, கடைசியில் நீயும் எண்ணெய் வண்டிதான் வாங்கினாயா?"

"ஆமாம் அண்ணே! அளவறிந்து வாங்கினேன். வாங்கும் எண்ணெய்க்கு அளவு வைப்பேன். என் மண்ணைத் தோண்ட வந்தால் மறுபடியும் திடலில் உட்காருவேன். ஊருக்கு இரவு பஸ் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றாராம் தோழர்.

போட்டாராம் அவரும்!